மட்கார்டைக் கழற்றாமல் பட்டி பூச வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் அம்பாசிடர் படங்கள் வந்து சேர்ந்தன. முன் மட்கார்டின் அடியில், கதவை ஒட்டிப் பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடத்தைச் சுரண்டிப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி, ஒரு கோட் அடித்தால் பொங்கலுக்கு வண்டியை வெளியே எடுத்துவிடலாம் என்று டிங்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடலாம்தான். அடுத்த கார்த்திகை மழைக்குள் அதே இடத்தில் இன்னும் பெரிய கொப்புளம் கிளம்பும் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் துரு வெளியிலிருந்து உள்ளே போனதன்று. உள்ளிருந்து வெளியே வந்தது. சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய்த் தங்கிவிடுகிறது. உங்கள் ஷெட்டோ தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலூரின் இரவுகளில் அந்த அளவு சாதாரணம் என்பதால், உப்பேறிய அந்தச் சேறு மழையில்லாத மாதங்களிலும் தகரத்தை நனைத்துக்கொண்டேதான் இருக்கும். வெளியில் நீங்கள் ஒரு கொப்புளத்தைப் பார்க்கும்போது, உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் போயிருக்கும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஓட்டையை மூடுவது அதன் வேலையன்று.

நல்லவேளையாக, 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான இந்த வகை வண்டி, 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வடிவத்தைப் பின்பற்றியது. அதன் முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, ஆகவே கழற்றலாம். முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, கதவுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லைட் ஒயர்களைப் பிரித்து, போல்ட்டுகளில் மண்ணெண்ணெயும் சிறிது ஆயிலும் கலந்து விட்டு, ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் தலையைக் கிரைண்டரில் அறுத்துவிடச் சொல்லுங்கள். போல்ட் மலிவு, பலமாகத் திருகும்போது அதோடு பிய்ந்து வரும் பாடித் தகரம் மலிவன்று. ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் இருக்கும் வாஷர்கள், தகட்டுத் துண்டுகள் எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று எழுதிக் கட்டி வைக்க வேண்டும். மட்கார்டு நேராக உட்காருவது அவற்றால்தான்.

புதிய மட்கார்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சந்தையில் வரும் நகல் தகரத்தின் துளைகள் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் நல்ல நிலையில் பழையது கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் உங்களுடையதையே ஒட்டுப்போடுவது மேல் என்பது என் கருத்து.

அழுகிய பகுதியைப் பளபளக்கும் தகரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள, துத்தநாகம் பூசாத தகட்டில் ஒட்டு செய்யச் சொல்லுங்கள். கூரைத் தகரம் வேண்டாம்; அதன் துத்தநாகம் எரிந்து கிளம்பும் வெண்புகை வெல்டிங் செய்பவருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும், வெல்டிங்கும் பொத்தலாகும். ஒட்டின் மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, மட்கார்டை மறுபடி வண்டியில் மாட்டி, கதவை மூடி, நீங்கள் குறித்து வைத்த இடைவெளி வருகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டை வெல்டிங்கால் சிறு சிறு பொட்டு வைத்துப் பிடிப்பதாகும். தரையில் கிடத்தி முழுக்க வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு மாட்டினால், சூட்டில் முறுக்கிக்கொண்ட தகரம் எந்தச் சுத்தியலுக்கும் அடங்காமல் கதவில் உரசும். கேஸ் வெல்டிங்கை விட, கம்பி தானாக வந்து உருகும் மின்சார வெல்டிங்கான மிக் வெல்டிங் இதற்கு ஏற்றது; அதிலும் ஒரே ஓட்டமாக இழுக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து ஆறவிட வேண்டும்.

தகரத்தின் சிறு குழிகளில் எஞ்சியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் தடவி, கழுவி, நன்றாகக் காயவைத்து, இருபுறமும் ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடிக்கட்டும். பட்டி அதன்மேல் மெல்லிய பூச்சாகத்தான் வரவேண்டும்.

திரும்பப் பூட்டும்போது ரப்பர் பீடிங்கை இடையில் வைத்து, எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, கதவுப் பக்கத்து இடைவெளியைச் சரிசெய்த பின் இறுக்குங்கள். பழைய துளைகள் அங்குல அளவில் இருக்கும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், அங்கே கடைக்காரர் தரும் 6 மில்லிமீட்டர் போல்ட் ஏறினாலும் பிடிக்காது. மட்கார்டின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் வழியைச் சீலன்ட் வைத்து அடைத்துவிட வேண்டாம் என்று டிங்கரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஏனெனில் சுத்தமாகச் செய்கிறேன் என்று பலர் செய்வது அதைத்தான்.

கூலி கூடும், பொங்கலுக்கும் வண்டி வராது. மட்கார்டைக் கழற்றுமுன் எதிர்ப்பக்கத்து மட்கார்டின் உட்புறத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து எழுதுங்கள். அங்கேயும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், இரண்டுக்கும் சேர்த்தே தகடு வாங்கிவிடலாம்.

அன்புடன்,
புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து உங்கள் அண்ணன்