அந்தக் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போடாதே, மகளே

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றாய். உங்கள் பணம், உங்கள் முடிவு. ஆனாலும் பத்தொன்பது வருடம் பஸ் நிலையத்தின் எதிரே டிடிபி கடை நடத்தியவள் நான். வாங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடு. மாப்பிள்ளையிடமும் கொடு.

பொங்கலுக்கு ஓசூர் வந்திருந்தபோது அதன் நிலையை நானே பார்த்தேன். காலையில் நீ ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாய். பால் காய்ந்து, டிகாக்ஷன் கலந்து, காபியை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டாய். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று இரவு நீங்கள் தூங்கிய பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் விழித்ததும் தானாக எழுந்து ஓடும் புரோகிராம்கள் பதினாறு இருந்தன. எப்போதோ கொடுத்துவிட்ட பிரிண்டரின் மை அளவைச் சொல்லும் புரோகிராம் ஒன்று. கொரோனா காலத்தில் பேரனின் ஆன்லைன் வகுப்புக்காகப் போட்டது ஒன்று. அவன் விளையாட்டுகளுக்கு மூன்று. சந்தா முடிந்துபோன ஆன்டிவைரஸ் ஒன்று. அப்போதே கை வைத்திருப்பேன். உன் ஜிஎஸ்டி வேலை அதில்தான் இருக்கிறது என்பதால் உன்னைக் கேட்காமல் தொட மனம் வரவில்லை.

அதனால் முதல் வேலை இதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்துக்குப் போ. ஒவ்வொரு பெயரின் எதிரிலும் அது தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று போட்டிருக்கும். வேண்டாததன் மேல் வலது கிளிக் செய்து டிசேபிள் கொடு. புரோகிராம் அழிந்துவிடுமோ என்று பயப்படாதே. அது அங்கேயேதான் இருக்கும், நீ கூப்பிட்டால் வரும். கூப்பிடாமல் வராது, அவ்வளவுதான். விண்டோஸ் செக்யூரிட்டி, ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடு. பெயர் புரியாதது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அந்தப் பதினாறில் ஒவ்வொன்றும் வேகத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றும் வெளியுலகத்தோடு பேசுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனியாக அப்டேட் வேண்டும், அப்டேட் செய்யாமல் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு திறந்த ஜன்னல். வேகத்துக்கு ஒரு வைத்தியம், பாதுகாப்புக்கு ஒரு வைத்தியம் என்று கடைக்காரர்கள் பிரித்து விற்பார்கள். என் அனுபவத்தில் பாதிக்குமேல் இரண்டும் ஒரே வேலைதான். பயன்படுத்தாததை வெளியேற்று. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, ஆறு மாதமாகத் தொடாததை எல்லாம் அன்இன்ஸ்டால் செய். சந்தா முடிந்த ஆன்டிவைரஸை முதலில் எடு. பணம் கட்டு, பணம் கட்டு என்று பெட்டி காட்டுவதைத் தவிர அது வேறு எதுவும் செய்யவில்லை. அது போனதும் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து பறக்க வைக்கிறேன் என்று விளம்பரம் செய்கிற கிளீனர், பூஸ்டர் எதையும் உள்ளே விடாதே. இதை அம்மாவின் கட்டளையாகவே எடுத்துக்கொள். கடைக்கு வந்த எத்தனையோ சிஸ்டங்களில் நோயே அதுதான்.

இன்னொன்று. நீ ஷட்டவுன் கொடுத்துத்தானே அணைக்கிறாய்? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் நினைவில் ஓடிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். முழுவதும் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடு.

சி டிரைவ் சிவப்புக் காட்டுகிறதா என்று பார். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பில்லை நான்கு தடவை இறக்கி வைத்திருக்கிறாய், பார்த்தேன்.

டாஸ்க் மேனேஜரிலேயே பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைத் தொட்டால் ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று தெரியும். ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது, ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தேடுகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. இந்த ஒன்றை மாற்றினாலே பழைய சிஸ்டம் புதிதாகிவிடும். ரேம், அதாவது ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், 4 ஜிபி என்றால் 8 ஆக்கு. பணம் செலவழிக்க வேண்டுமானால் இங்கே செலவழி, புதுக் கம்ப்யூட்டரில் அல்ல.

ஆயுத பூஜைக்கு நம் கடையில் என்ன செய்வேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சந்தனம் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் வாசலுக்குத் தூக்கி வந்து மூடியைக் கழற்றுவேன். பிராசஸரின் மேலிருக்கும் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துணி மாதிரி ஒட்டியிருக்கும், நகத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்தால் முழுத் துண்டாகவே உரிந்து வரும். காற்றுப் போக வழியில்லாமல் சூடேறினால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. மாப்பிள்ளையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு புளோயரால் ஊதச் சொல். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இஷ்டத்துக்குச் சுற்ற விடக்கூடாது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி. உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ சென்னை விடுதியில் இருந்தாய், பரீட்சை நேரம் என்று முழுவதும் சொல்லவில்லை.

ஒரு மார்கழி மாதம். தை முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகை வேலை கழுத்துவரை. கடைக்கு ஒரு மெயில் வந்தது. உள்ளே ஒரு ஃபைல். பிடிஎஃபின் அதே சிவப்புப் படம், கடைசியில் டாட் பிடிஎஃப் என்ற எழுத்து. வாடிக்கையாளர் மாதிரிப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார் என்று இரண்டு தடவை தட்டினேன். எதுவும் திறக்கவில்லை. சரி, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த வேலையைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கும் புரியாத வால் ஒன்று முளைத்திருந்தது. திரையில் பிட்காயின் கேட்டு ஒரு கடிதம். ஒன்பது வருட டிசைன் அத்தனையும் பூட்டப்பட்டுவிட்டது. பேக்கப் டிஸ்க் இருந்தது, ஆனால் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

பத்திரிகைகளை இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டேன். உன் தாத்தா கடைசி வருடத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த நம் குடும்பக் கதை நாற்பது பக்கமும் அதே டிஸ்க்கில் இருந்தது. அதை யார் திரும்பச் சொல்வார்கள்?

பிறகு தெரிந்தது, அந்த ஃபைலின் உண்மையான பெயர் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ. அது ஒரு புரோகிராம். ஃபைல் பெயரின் கடைசி வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். இஎக்ஸ்இ மறைந்து பிடிஎஃப் மட்டும் என் கண்ணில் பட்டது. இந்தத் தந்திரம் புதிதல்ல. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே கலக்கிய ஐ லவ் யூ வைரஸும் காதல் கடிதம் என்று டாட் டிஎக்ஸ்டி காட்டி, அதன் பின்னால் விபிஎஸ் என்ற வாலை ஒளித்துத்தான் வந்தது. இந்த மறைப்பை நீக்குவது ஒரே ஒரு டிக். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திற, மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்.

அப்டேட்டை நிறுத்தி வைக்காதே. நான் நிறுத்தி வைத்திருந்தேன், கடை நேரத்தில் நெட்டை இழுக்கிறது என்று. 2017 மே 12 அன்று, இதே மாதிரி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவி இங்கிலாந்தின் பல பொது மருத்துவமனைகளையே முடக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பெரும்பாலும் இரண்டு மாதம் ஒத்திப்போட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். செட்டிங்ஸில் ஆக்டிவ் அவர்ஸ் என்று இருக்கும், நீ வேலை செய்யும் நேரத்தை அதில் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகித் தொந்தரவு செய்யாது. உங்களுடையது விண்டோஸ் 11 தான், பார்த்தேன். உன் மாமியார் வீட்டில் இருப்பது 10. அதற்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. அவர்களிடம் பக்குவமாகச் சொல்.

பேரனுக்குத் தனிக் கணக்கு திறந்து கொடு. இப்போது மூவரும் ஒரே கணக்கில் இருக்கிறீர்கள். அது எதையும் நிறுவவும் மாற்றவும் அனுமதி உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, பாஸ்வேர்டும் இல்லை. அவன் விளையாட்டுக்காக எதை இறக்கினாலும் உன் ஜிஎஸ்டி ஃபைல் இருக்கும் அதே வீட்டில், அதே சாவியோடு இறங்குகிறது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் அவனுக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு கொடு. கம்ப்யூட்டர் முழுவதையும் தொடுகிற எதையாவது அவன் நிறுவப் பார்த்தால் உன் பாஸ்வேர்டைக் கேட்கும். உனக்கும் தினசரி வேலைக்கு ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கு வைத்துக்கொள். பிள்ளையை நம்பாமல் செய்வதல்ல இது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது மாதிரி.

குரோமில் வலது மூலையில் உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் என்று பெட்டி வருகிறது என்றாயே, அது வைரஸ் அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது யாரோ அலவ் கொடுத்திருக்கிறீர்கள். சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கு. அந்தப் பெட்டியில் இருக்கும் போன் நம்பருக்கு ஒருபோதும் பேசாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. யாராவது போனில் கூப்பிட்டு ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி உங்கள் திரையைக் காட்டச் சொன்னால், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. இந்த நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டிவை.

வைஃபை பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபைக்கு ஒன்று, பெட்டிக்குள்ளேயே நுழைவதற்கு ஒன்று. இரண்டாவதை யாரும் மாற்றுவதில்லை, அட்மின் என்றே கிடக்கிறது. மாற்று. மெயிலுக்கும் பேங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதையும் இன்றே மாற்றி, மெயிலுக்கு டூ ஸ்டெப், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு, போட்டுவிடு. மெயில் போனால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டும் அதன் வழியாகவே போய்விடும்.

கடைசியாக பேக்கப். அந்த மார்கழிக்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் கடையில் எலுமிச்சம்பழம் வெட்டி முடித்ததும் டிஸ்க்கைச் செருகி, காப்பி எடுத்து, உடனே பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். கடையை மூடும்வரை ஒரு அமாவாசைகூடத் தவறவில்லை. பிடுங்கி வைப்பதுதான் முக்கியம். செருகியே இருப்பதை நான் பேக்கப் என்று சொல்லமாட்டேன்.

உன் டி டிரைவில் பேரன் தவழ்ந்து எழுந்து முதல் அடி வைத்த வீடியோ இருக்கிறது. அதில் கதவோரம் நின்று கை தட்டுவது உன் அப்பா. அவர் குரல் பதிவானது நம்மிடம் அது ஒன்றுதான். வேறு எங்கும் காப்பி இல்லை என்று அன்று இரவு பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் டிஸ்க்கோடுதான் போகும். டெலிட் செய்தாலும் மீட்டெடுக்க முடியும் என்பது கடையில் எத்தனையோ பேருக்கு மீட்டுக் கொடுத்த எனக்குத் தெரியும். உங்கள் ஆதார், பான் நகல்களும் அதில்தான் இருக்கின்றன.

நாளைக் காலை பார்சல் அனுப்புகிறேன். கடலை மிட்டாய் இரண்டு கிலோ, நடுவில் பழைய சுங்குடித் துண்டில் சுற்றி என் கடையின் ஹார்ட் டிஸ்க். துடைத்துக் காலியாக வைத்திருக்கிறேன். வந்ததும் மற்ற எதற்கும் முன்னால் அந்த வீடியோவை அதில் ஏற்று. ஏற்றியதும் ஒருமுறை ஓடவிட்டுப் பார். அப்பாவின் குரல் சரியாகக் கேட்கிறதா என்று எனக்குப் போன் செய்து சொல்.

அன்புடன்,
அம்மா