வடசென்னை டூர் வேன் முதலாளிகளுக்கு ஒரு பிரேக் மெக்கானிக்கின் திறந்த மடல்

முதலாளிமார்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் பிரேக் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருடைய வண்டி என் கடைக்கு வந்து போனதுதான். மலைக்குப் போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள் என்று நேரில் சொன்னால் "சீசன் முடியட்டும்ப்பா" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் எழுத்தில்.

போன மே மாதம் மச்சினன் குடும்பத்தோடு ஏற்காடு போனேன். வாடகை வேன், நம் ஏரியா வண்டிதான். யாருடையது என்று எழுதப்போவதில்லை. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் சாயங்காலம் இறங்குகிறோம். பாதி மலை வந்திருப்போம், கருகிய வாடை. பின் சீட்டில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாடை இருபது வருடப் பழக்கம். எழுந்து முன்னால் போய் டிரைவர் தம்பியின் காலைப் பார்த்தேன். பெடலை ஒரு தடவைக்கு மூன்று தடவை மிதித்துக்கொண்டிருந்தான். கியர் நான்கில் கிடந்தது.

"தம்பி, மூணு போட்டு ஓரங்கட்டு. அப்புறம் ரெண்டு" என்றேன். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசவில்லை. கொஞ்சம் அகலமான இடத்தில் நின்றோம். பின் சக்கரம் இரண்டிலும் மெல்லிசாகப் புகை. கிளீனர் பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடினான். கையைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால், சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கையும் போட விடவில்லை. விரிந்து நிற்கிற டிரம் ஆறிச் சுருங்கும்போது, உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கிற சூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மச்சினன் மனைவி முறுக்கு டப்பாவைத் திறந்தாள்.

ஆறியதும் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திருகி விரலை விட்டுப் பார்த்தேன். புது ஆயில் வெளிறிய மஞ்சளாக இருக்கும். இது கடுங்காப்பி. "எப்பப்பா மாத்துனது?" என்றால், "நான் வண்டிக்கு வந்து ரெண்டரை வருஷம் ஆச்சுண்ணே, நான் பார்த்து மாத்தல" என்கிறான்.

இந்த ஆயிலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதன் குணம் அப்படி. நமக்கோ காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கதவைத் திறந்தால் கடல் காற்று. டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்கவே சரியாகிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. பெடல் பஞ்சு மாதிரி தரையில் போய் உட்காரும். கடைசியில் "திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதுவார்கள். என்ன திடீர்? உங்கள் வாசலில் நின்ற இரண்டரை வருடமும் அது போய்க்கொண்டுதான் இருந்தது.

ஊரில் ஓடும்போது தெரியவே தெரியாது, அதுதான் சிக்கல். நமக்குத் தெரிந்த பெரிய மேடு மின்ட் மேம்பாலம். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் சூடாவதற்குள் ஆறிவிடும். மலை வேறு கணக்கு. ஆளும் சாமானும் சேர்த்து 4000 கிலோ வண்டி ஒன்று ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால், வெளியே தள்ள வேண்டிய சூடு சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஏற்காட்டுக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் அதற்கு மேலேயே வரும். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் நாலு சக்கரத்துப் பிரேக் வாங்க வேண்டும். சூவின் மேல் ஒட்டியிருக்கிற லைனர் ஓர் அளவுக்கு மேல் சூடானால் வழவழத்துவிடும். டிரம் விரிந்து சூவை விட்டு விலகும். ஆயில் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் பழைய லாரிக்காரர்கள் ஏறின கியரில் இறங்கு என்று சொல்லி வைத்தார்கள்.

சின்ன கியரில் இறங்கினால் டீசல் தின்னும் என்று உங்களில் சிலர் டிரைவரைத் திட்டுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். நியூட்ரலில் இறக்கினால் மிச்சம் என்ற நினைப்பு. தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரிகள் கவிழ்ந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு எத்தனையோ முறை இருந்திருக்கிறது. கணக்கே தப்பு என்பதுதான் கொடுமை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின் டீசலை நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் அணையாமல் ஓடுவதற்கே டீசல் வேண்டும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிற மகராசன்களும் உண்டு. கொஞ்ச தூரத்தில், மிதியை லேசாக்குகிற பூஸ்டரில் வாக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகும், ஸ்டியரிங் கட்டையாகும்.

திருமலையில் 40 நிமிடத்துக்கு முன்னால் இறங்கி வரக்கூடாது என்று சீட்டில் நேரம் குறித்துக் கொடுக்கும் வழக்கம் எதற்கு? நம் ஆட்கள் வேகமாக இறங்கிவிட்டு, சாவடிக்கு முன்னால் ஓரங்கட்டி நேரத்தைக் கழிக்கிறார்கள். மேலே தரிசனம், கீழே தந்திரம்! ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. வண்டி நம்பர் கேட்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்கிறவர் யாரும் இல்லை. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிரைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு இங்கே ஏற்றி, விடியும்போது மலையேற்றி, அடுத்த நாள் இறக்கி, அன்றைக்கே அடுத்த சவாரிக்கு வண்டியைக் கழுவி வை என்கிறீர்கள். தூக்கம் கெட்டவன் கியரை நினைக்க மாட்டான், கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும். டீசல் கணக்கை வைத்து டிரைவர் படியில் காசு பிடிக்கிறவர்கள் தயவுசெய்து மலை டிரிப்புக்காவது அதை நிறுத்துங்கள். நடுவழியில் வாடை வந்து அரை மணி நேரம் நிறுத்தினால் ஏன் லேட் என்று போனில் கத்தாதீர்கள்.

ஆயில் மாற்றுவது பெரிய செலவில்லை. ஒரு மலை டிரிப்புக்குப் போக வர டோல்கேட்டில் கட்டுவதைவிடக் குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பார்கள், நம் கடற்கரைக் காற்றுக்கு நான் வருடம் ஒருமுறை என்பேன். சீல் பிரிக்காத டப்பா வாங்குங்கள்; பாதி ஊற்றி வைத்த பழைய டப்பா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

வரும் சீசன் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைக்கிறேன். மலைக்குப் போகிற வண்டியென்றால் ஆயிலை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள், பைப்பில் புகுந்த காற்றையும் வெளியேற்றி மாற்றிக் கொடுக்கிறேன். கூலி வேண்டாம். டிரைவரையும் கூட அனுப்புங்கள், பழைய ஆயிலை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பிரேக் மெக்கானிக்,
தண்டையார்பேட்டை