துணிப் புத்தகத்தைத் தமிழ்லயே தைப்போமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னப் பிள்ளைங்களுக்கு ஃபெல்ட் துணியில கையால தைக்கிற புத்தகம் பத்தி எழுதறேன், ‘குவாயட் புக்’னு சொல்வாங்க, நெறைய அம்மாக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஜிப், பட்டன், ஷூ கயிறுன்னு ஏதாவது இருக்கும், பிள்ளை அதைத் திறந்து மூடி கழட்டி மாட்டி விளையாடும், சத்தமும் கிடையாது பேட்டரியும் கிடையாது. ஆன்லைன்ல ரெடிமேடாவே கிடைக்குது. ஆனா நான் பார்த்த வரைக்கும் அதுல ஏபிசி, பண்ணை வீடு, ஆப்பிள் மரம் இதுதான். நம்ம வீட்டுச் சாப்பாடு, கோலம், பாட்டி தலையில வெக்கிற பூ எதுவும் இல்ல. அதனால இதை நம்மளே தைக்கணும், தமிழ்ல தைக்கணும், தையல் தெரிஞ்ச பெரியவங்களைக் கூட உட்கார வெச்சு தைக்கணும்னு கேட்டுக்கத்தான் இந்தக் கடிதம்.

2025 ஜனவரியில நம்ம சிங்கப்பூர் சுகாதார அமைச்சு பிள்ளைங்க ஸ்கிரீன் பாக்கறது பத்தின வழிகாட்டியைப் புதுப்பிச்சு வெளியிட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 18 மாசத்துலேர்ந்து 6 வயசு வரைக்கும் பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளதான், சாப்பிடும்போது வேணாம்னு சொல்லிருக்காங்க. சரியான விஷயம். ஆனா பலதுறை மருந்தகத்துல நம்பர் வர்ற வரைக்கும், ஹாக்கர் சென்டர்ல சாப்பாடு வர்ற வரைக்கும், ரெண்டு வயசுப் பிள்ளைய வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும், அவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஃபோனை வாங்கிட்டா கையில வேற என்ன குடுக்கிறது, அதுக்கு ஒரு பதில் வேணும்ல.

தமிழ் விஷயத்துலயும் இதே கவலை எனக்கு இருக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்ல அதிகமா பேசற மொழி தமிழ்னு சொன்னவங்க 2.5 விழுக்காடுதான், இங்கிலீஷ் 48.3 விழுக்காடு. ஃபோன்ல வீடியோவைப் போட்டா அதுவே பேசிக்கும், நம்ம வாயத் திறக்கவே வேணாம். துணிப் புத்தகம் பேசாது, பக்கத்துல இருக்கறவங்கதான் பேசியாகணும், அதுதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது.

எங்க வீட்டுப் புத்தகத்துல வாழை இலைப் பக்கம் ஒண்ணு இருக்கு, எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, தைச்சது. பச்சை ஃபெல்ட்ல இலையை வெட்டி நடு நரம்பை வெளிர் பச்சை நூல்ல சங்கிலித் தையல் போட்டிருக்காங்க. சோறு, சாம்பார், அப்பளம், வடை, ஊறுகாய் எல்லாம் தனித்தனித் துண்டு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பிரெஸ் பட்டன், பக்கத்தோட ஓரத்துல ஒரு பை, அதுலேர்ந்து எடுத்து பிள்ளையே இலையில வெக்கணும். இலையோட நுனி சாப்பிடறவங்களுக்கு இடது பக்கம் வரணும், ஊறுகாய் இடது மேல் மூலைதான், இதையெல்லாம் அத்தை விட்டுக்குடுக்கவே மாட்டாங்க. இப்ப என் பொண்ணு "பாட்டி இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா, அப்பளம் நொறுங்கிடுச்சா"ன்னு கேக்கறா. பாலர் பள்ளியில முழுக்க இங்கிலீஷ்ல பேசிட்டு வர்ற பிள்ளை, யாரும் தமிழ்ல பேசுன்னு சொல்லாமலே அவளா பேசறா.

தைக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஃபெல்ட் நெசவுத் துணி கிடையாது, இழைங்களை அழுத்திச் சேர்த்தது, அதனால வெட்டின ஓரம் பிரிஞ்சு வராது, மடிச்சு அடிக்கிற வேலையே இல்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்க ரொம்ப மெல்லிசா இருக்கறத வாங்காதீங்க, நாலு தடவை இழுத்தா நீண்டுக்கும். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாடிக் கடைங்கள்ல பட்டன், ஜிப், லேஸ் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும், ஃபெல்ட் ஷீட் டைசோ, பாப்புலர் கடைங்கள்லயும் கிடைக்கும். பாலியெஸ்டர் ஃபெல்ட்னா அயர்ன் பாக்ஸை ரொம்பச் சூடு வெக்கக்கூடாது, உருகிடும். எம்பிராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும், அதுல ரெண்டு மூணு இழை பிரிச்சு எடுத்து ஓரத்தைச் சுத்தி பிளாங்கெட் ஸ்டிச், அதாவது நூல் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே போற தையல், போட்டா போதும். வெல்க்ரோவைக் கூடுமானவரை தவிர்த்துடுங்க, அதோட கொக்கிப் பக்கம் ஃபெல்ட்டைப் பிச்சுப் பிச்சு பஞ்சாக்கிடும்.

பிரெஸ் பட்டனை மட்டும் அவசரப்பட்டுத் தைக்காதீங்க. அதுல நாலு ஓட்டை இருக்கும், ஒவ்வொரு ஓட்டையிலயும் நூலை நாலஞ்சு தடவை விட்டு எடுக்கணும், பின்பக்கம் சின்னச் சதுரமா இன்னொரு ஃபெல்ட் துண்டை வெச்சு அதையும் சேர்த்துத் தைக்கணும், இல்லன்னா பிள்ளை இழுக்கற இழுப்புல துணியே கிழிஞ்சு பட்டன் கையோட வந்துடும். வந்தா நேரா வாய்க்குத்தான் போகும். தைச்சு முடிச்சதும் பெரியவங்க நல்லா பலமா இழுத்துப் பாக்கணும். 3 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு தனியா கழட்டற துண்டு எதுவும் டாய்லெட் ரோல் அட்டைக் குழாய்க்குள்ள நுழையற அளவுக்குச் சின்னதா இருக்கக்கூடாது. ஊறுகாயைக்கூட எங்க அத்தை பெருசாத்தான் வெட்டிருக்காங்க. கயிறு குட்டையா இருக்கட்டும், கழுத்துல சுத்திக்கிற நீளம் வேணாம். சில பேர் துணிக்குள்ள குட்டி காந்தம் வெச்சுத் தைக்கறாங்க, தயவு செஞ்சு வேணாம். பிள்ளை ரெண்டு காந்தத்தை முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு குடலையே ஓட்டை போட்டுடும், ஆபரேஷன் வரைக்கும் போகும்.

எங்க புளோக்குலயே தையல் தெரிஞ்ச பாட்டிங்க எத்தனை பேர் இருக்காங்க. ஒரு காலத்துல பாவாடை சட்டை, பிளவுஸ் எல்லாம் வீட்லயே தைச்சவங்க. இப்ப மெஷினை மூடி வெச்சுட்டு புளோக்குக்குக் கீழ திறந்தவெளியா இருக்கற வாய்ட் டெக்ல உட்கார்ந்திருக்காங்க, அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்கல. இளம் அம்மாங்களுக்கு ஆசை இருக்கு, ஊசி பிடிக்கத் தெரியல, இவங்களுக்குத் தெரியுது, யாரும் கூப்பிடல.

ஒவ்வொரு ஏப்ரலும் தமிழ்மொழி விழா நடக்குது, பேச்சுப் போட்டி கதை சொல்லும் போட்டின்னு எவ்வளவோ நல்ல நிகழ்ச்சிங்க வெக்கறாங்க. அதுல சமூக மன்ற இந்திய நற்பணிச் செயற்குழுவோ நூலகமோ ஒரு சனிக்கிழமை மதியம் இதுக்கு ஒதுக்கலாமே. போட்டி வேணாம் பரிசும் வேணாம், ஒரு பாட்டிக்கு ஒரு அம்மான்னு ஜோடியா உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் தைச்சு எடுத்துட்டுப் போகட்டும். அடுத்த பக்கத்தை அவங்களே வீட்ல தைச்சுப்பாங்க.

உங்க பத்திரிகையாலயும் ஒரு உதவி ஆகணும். வாழை இலை, கோலம், எம்ஆர்டி ரயில்னு வாரத்துக்கு ஒரு பக்கத்தோட பேட்டர்னை நிஜ அளவுலயே அச்சடிச்சுப் போடுங்க. பத்திரிகையை அப்படியே வெட்டி ஃபெல்ட் மேல குண்டூசி குத்தி அளவு எடுத்துப்போம், ஆன்லைன்ல தேடத் தெரியாத பாட்டிங்களுக்கும் வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி