முதுகெலும்பு அறுவைக்குப் பின் குனியும் பயிற்சி வேண்டாம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

முதியோருக்கான எளிய பயிற்சி என்று நாளிதழ்களில் வரும் படங்களில் கால் பெருவிரலைத் தொடுவதும், உடம்பைத் திருப்புவதும் தவறாமல் இருக்கின்றன. எலும்பு மெலிந்து பலமிழக்கும் எலும்புப்புரையால் முதுகெலும்பு நொறுங்கி, அந்த எலும்புக்குள் மருத்துவச் சிமெண்ட் செலுத்தியோ திருகாணியும் கம்பியும் பொருத்தியோ தேறிவரும் பெரியவர்களுக்கு இவை இரண்டும் ஆகாது. குனியும்போது பாரம் முள்ளெலும்பின் முன்பக்கத்தில் இறங்கும். சிகிச்சை செய்த எலும்பு தாங்கிக்கொண்டாலும், அதற்கு மேலும் கீழும் உள்ள பலமற்ற எலும்பு நொறுங்கக்கூடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1984-ல் வெளியிட்ட ஆய்வு எலும்புப்புரை உள்ள பெண்களைப் பற்றியது. குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு வந்தது. நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். 'உட்கார்ந்து செய்கிற வேலைதானே' என்று வீட்டார் சீக்கிரமே பீடி சுற்றும் சுளகை (முறத்தை) மடியில் கொடுத்துவிடுகிறார்கள். மடியைப் பார்த்துக் கூனி உட்காருவதும் குனிவதுதான். மருத்துவர் வேலைக்கு அனுமதித்த பிறகும், சுளகை முழங்கை உயரத்துக்கு மேசையில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும்.

உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சியை அறுவை செய்த மருத்துவர் சொன்ன பிறகே தொடங்கலாம். கைப்பிடியுள்ள மரநாற்காலியைத் தார்சாவில் (வீட்டுக் கூடத்தில்) சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஒயர் நாற்காலியும் ஈசிசேரும் குழிந்து முதுகைக் கூனாக்கும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வழுக்கும். பாதம் தரையில் முழுக்கப் படியாவிட்டால் ஒரு மணைப் பலகையை வைக்கலாம். எழும்முன் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இடறும்.

முதலில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தையும், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலையும் 15 முறை தூக்கலாம். அடுத்து ஒரு காலை மெதுவாக நீட்டி, 5 எண்ணி இறக்க வேண்டும். காலுக்கு 10 முறை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால், கால் உயர உயர இடுப்பு முன்னால் சறுக்கி அடிமுதுகு வளையும். முதுகு நேராக நிற்கிற உயரமே போதும், கால் முழுக்க நீள வேண்டியதில்லை.

மூன்றாவது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று நோக்கி இழுத்து, 5 எண்ணி விடுவது, 10 முறை. கூனைக் குறைக்க உதவுவது இதுதான். தோள் காதுப்பக்கம் ஏறினால் கழுத்துதான் வலிக்கும். வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். காலையும் மாலையும் ஒரு தடவை செய்தால் போதும். தண்ணீர்க் குடம் தூக்குவதை இதோடு சேர்க்கவே கூடாது.

பயிற்சிப் படங்களை வெளியிடும்போது, எலும்புப்புரை உள்ளவர்கள் குனியும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சுருக்கென்று புதிய வலி, காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு இருந்தால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ பொழுது விடியக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இயன்முறை மருத்துவர்,
பாளையங்கோட்டை