மராக்கேஷ் புகைப்பட இல்லம்: பார்க்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொராக்கோ பயணக் கட்டுரையில் மராக்கேஷ் நகரின் புகைப்பட இல்லத்துக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தீர்கள். அரை மணி நேரம் போதும், மொட்டை மாடித் தேநீர் நன்றாக இருக்கும் என்பதோடு சரி. மாடியிலிருந்து அட்லஸ் மலை தெரிவது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே, வணிகர்கள் தங்கிய பழைய விடுதியைப் புதுப்பித்து 2009-இல் திறந்த அந்தக் கட்டடத்தில், 1870 தொடங்கி 1950 வரையிலான மொராக்கோ சுவரெங்கும் இருக்கிறது. போகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். எதைக் கவனிப்பது என்று முன்பே தெரிந்தால் இன்னும் நல்லது.

முதலில் நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏது என்று கேட்கலாம். பார்ப்பவர் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஃபிலிமுக்கு முன் படம் பதியப் பயன்பட்ட, ரசாயனம் பூசிய பழைய கண்ணாடித் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணர்ந்தன. அதனால் நீல வானம் மேகமே இல்லாமல் வெளுத்துப்போகும். சிவப்பும் காவியும் கறுத்துவிடும். மராக்கேஷின் செம்மண் மதில்கள் நேரில் இருப்பதைவிட இருண்டு தெரிவது இதனால்தான். மருதாணி இட்ட கை மை பூசியது போல இருக்கும். நல்ல நீலத் துணி வெளிர் துணியாகிவிடும். மனிதர்களின் தோலும் உள்ளதைவிடக் கறுத்தே பதியும். ஆகவே அந்தப் படங்களைப் பார்த்து இன்ன குலத்தார் இன்ன நிறம், இன்ன நிற உடை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. பச்சையையும் உணரும் ஆர்த்தோகுரோமேட்டிக் தகடு பிறகு வந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு 1906-இல் விற்பனைக்கு வந்தபோதும், சிவப்பு விளக்கில் கையாள முடியாது, முழு இருட்டு வேண்டும் என்பதால் பரவ நாளாயிற்று.

அடுத்தது, படம் எடுக்கப்பட்ட சூழல். 1870களின் கொலோடியன் தகட்டை, அதாவது பிசுபிசுப்பான திரவம் பூசி ஈரத்திலேயே பயன்படுத்தும் கண்ணாடியை, பூச்சு காய்வதற்குள், 10, 15 நிமிடங்களில், பூசி, எடுத்து, டெவலப்பும் செய்தாக வேண்டும். வறண்ட வெயிலில் அந்த அவகாசமும் குறையும். இருட்டுக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் கூடவே போக வேண்டும். 1880 வாக்கில் ஜெலட்டின் பூசிய உலர் தகடு கடையில் கிடைக்கத் தொடங்கியது. பெட்டியாக வாங்கிக்கொண்டு போய் எடுத்துவிட்டு, ஊர் திரும்பி நிதானமாக டெவலப் செய்யலாம். துறைமுக நகரங்களைத் தாண்டி உள்நாட்டுப் படங்கள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நேரடி வண்ணத்துக்கு 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் விற்பனைக்கு விட்ட ஆட்டோகுரோம் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களே வண்ண வடிகட்டி. அவர்களுக்காக உலகம் சுற்றிச் சலனப்படம் எடுத்த காப்ரியேல் வெயர், 1901-இல் மொராக்கோ சுல்தான் அப்துல் அஜீஸுக்குப் புகைப்படக்கலை கற்பிக்க வந்து மொராக்கோவிலேயே தங்கிவிட்டவர். அவரும் இந்தத் தகடுகளைப் பயன்படுத்தினார். ஆட்டோகுரோமைப் பின்னாலிருந்து ஒளி விட்டுத்தான் பார்க்க முடியும். ஒளி படப்படச் சாயம் போய்விடும். எனவே எந்த அருங்காட்சியகத்திலும் அசலுக்குப் பதில் நகலை வைத்தால் குறைப்பட வேண்டாம்.

பிரிண்டை அடையாளம் காண மூன்று மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சிறு கண்ணாடியைப் படத்தை ஒட்டி வைத்தால்தான் தெளியும், அதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் பிரிண்ட் ஊதா கலந்த பழுப்பாகவும், வெளுத்த இடங்கள் மஞ்சளித்தும் இருக்கும். தாள் மெல்லியது, சுருண்டுகொள்ளும், அதனால் அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஜெலட்டின் பிரிண்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இருண்ட ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால், படத்திலுள்ள வெள்ளி காற்றின் மாசால் சிதைந்து மேற்பரப்புக்கு வந்து படிந்திருக்கிறது என்று பொருள். அச்சில் வந்த அஞ்சலட்டையில் இந்தப் பளபளப்பு வராது.

படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தால் அப்படி ஆகும். கடைப் பலகையில் அரபி எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் ஆண்களின் வளைந்த குத்துவாளைப் பாருங்கள். வழக்கமாக வலது தோளிலிருந்து வரும் கயிற்றில், இடது இடுப்பில் தொங்கும்.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜமா அல் ஃபினா சதுக்கத்திலிருந்து கடைத்தெருக்கள் வழியே வடக்கே கால் மணி நேர நடையில் பென் யூசுஃப் மதரஸா வரும். அங்கிருந்து சில நிமிடங்கள்தான். குறுகிய சந்துகளில் கைப்பேசி வரைபடம் தடுமாறும். மதரஸாவைக் கேட்டுப் போவதே எளிது. 'இன்று மூடியிருக்கிறது' என்று வழியில் யாராவது சொன்னாலும் வாசல்வரை போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் வேண்டும். பழைய பிரிண்டுகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே பாதுகாப்பானது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். ஹை அட்லஸ் மலைப்பகுதி மக்களைப் பற்றி 1957-இல் எடுத்த வண்ண ஆவணப்படம் ஒன்றும் அங்கே உண்டு. அதைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு 'பெர்பர் மணப்பெண், பழைய மொராக்கோ' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள் (பெர்பர் என்பது வட ஆப்பிரிக்காவின் தொல்குடி மக்கள்). பின்னால் தீட்டிய திரை தெரிகிறது, கீழே வெள்ளை எழுத்தில் வரிசை எண் இருக்கிறது. நெகட்டிவில் மையால் எழுதினால் பிரிண்டில் வெள்ளையாக வரும். விற்பனைக்கான வரிசையில் ஒரு படம் என்பதற்கு அதுவே அடையாளம். 'காட்சிகளும் வகைகளும்' என்ற தலைப்பில் வட ஆப்பிரிக்கா முழுவதும் பிரெஞ்சு நிறுவனங்கள் இப்படி ஸ்டூடியோப் படங்களை அஞ்சலட்டையாக்கி விற்றன. ஒரே பெண்ணை ஓர் அட்டையில் ஓர் இனத்தவளாகவும் மற்றொன்றில் வேறு இனத்தவளாகவும் குறித்தவையும் அவற்றில் உண்டு. காசுக்காக நின்ற அந்தப் பெண் யாருடைய மணப்பெண் என்று அந்த அட்டையிலிருந்து சொல்ல முடியாது. இணையப் பதிப்பிலாவது அந்தக் குறிப்பை 'ஸ்டூடியோவில் எடுத்த அஞ்சலட்டைப் படம்' என்று மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
பழைய புகைப்படங்களைப் பாதுகாக்கும் பணியிலுள்ள வாசகர்,
திருச்சி