முதல் 72 மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் நம்மிடம் வந்து சொன்னால், 'அங்கே ஏன் போனாய்' என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துவோம். நம்புங்கள், பக்கத்தில் உட்காருங்கள். புகார் கொடுப்பதா என்று அவர் அப்புறம்கூட முடிவெடுக்கலாம், ஆனால் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், ஏனென்றால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 5 நாள்தான் கெடு, அதுவும் சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம். முடிந்தால் குளிக்காமல் போவது நல்லது. உடுத்தியிருந்த துணியை பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும், காகிதப் பைதான் சரி. குளித்துவிட்டாரா? பரவாயில்லை, அப்போதும் போகலாம். கருத்தடை மாத்திரை தவிர ஆண்களுக்கும் இதே சிகிச்சைதான், அவர்களில் பலர் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். காவல் நிலையம் போக அவர் முடிவெடுத்தால் கூடவே போங்கள், ஆனால் அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி