நான்கு வண்ணப் பென்சில் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘கிரிட்டிகல் ரேஸ் தியரி’யைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று அமெரிக்காவில் சண்டை. 1970, 80களில் டெரிக் பெல், கிம்பர்லே கிரென்ஷா போன்ற சட்டப் பேராசிரியர்கள் வளர்த்த, சட்டத்திலும் விதிகளிலும் இனப் பாகுபாடு எப்படி ஊறியிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுமுறை அது. பிள்ளைக்கு அந்தப் பெயரே வேண்டாம். எவர் மனத்திலும் வெறுப்பில்லாதபோதும் பழைய விதி ஓரவஞ்சனை செய்யும் என்ற உட்கருத்து போதும்.

1930களில் அந்நாட்டு அரசு நிறுவனம் வீட்டுக்கடன் கொடுக்க எந்தப் பகுதி பாதுகாப்பு, எது ஆபத்து என்று காட்ட நகர வரைபடங்களில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு தீட்டியது; பச்சை மிகப் பாதுகாப்பு, சிவப்பு மிக ஆபத்து. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. அத்தகைய இடங்களில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர அரசு மறுத்தது.

ஒரு தாளில் அதே நான்கு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு பொம்மை, ஐந்து புளியங்கொட்டை. நான்கு சுற்றுக்குப் பச்சைக்கு இரண்டிரண்டு கொட்டை, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஒவ்வொன்று, சிவப்புக்குப் பூஜ்யம். பிறகு, “இனி எல்லாருக்கும் இரண்டு” என்று அறிவியுங்கள். அதுதான் வீடு விற்பதிலும் கடன் தருவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1968 அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம். மேலும் மூன்று சுற்று ஆடி எண்ணினால் பச்சையில் 19, சிவப்பில் 11. எட்டு கொட்டை வித்தியாசம் அப்படியே நிற்கும். “இப்ப எல்லாருக்கும் சமம்தானே, சிவப்புக்கு மட்டும் ஏன் குறைச்சலா இருக்கு?” என்று பிள்ளையே கேட்கும். அவசரப்பட்டு நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

சொதப்புவது இரண்டு இடத்தில். பிள்ளைகளையே நிறம் பார்த்துப் பிரித்து ஆடவிட்டால் ஒருவர் கூசிப்போவார், இன்னொருவர் நொந்துபோவார், பொம்மைகளே ஆடட்டும். “வெள்ளைக்காரர் கெட்டவர்” என்று முடித்தால் பிள்ளை ஆளைப் பிடித்துக்கொண்டு விதியை மறந்துவிடும். பச்சைக்கட்டப் பொம்மை எதையும் திருடவில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்